யானைக்கவுனிக்கு வெளியே

சென்ட்ரல் வருவதற்கு இரண்டு நிமிஷம் முன்னால் நம்ம லோக்கல் ட்ரெயின் ஒரு பாலத்துக்கு அடியில் ஊர்ந்து போகும். அதற்குள் எல்லாரும் பையை மாட்டிக்கொண்டு கதவுப் பக்கம் நகர்ந்திருப்பார்கள். அந்தப் பாலத்தின் பெயர் யானைக்கவுனிப் பாலம். ஆவடியிலிருந்து எத்தனையோ தடவை அதற்கு அடியில் போயிருக்கிறேன். ஏதோ ஒரு ஏரியா பெயர் என்றுதான் நினைத்திருந்தேன். கவுனி என்றால் கோட்டை வாசல். இங்கிலீஷ் மீடியத்தில் படித்த எனக்கு, பக்கத்தில் 'எலிஃபென்ட் கேட்' என்று எழுதியிருந்ததைப் பார்த்த பிறகுதான் அந்தத் தமிழ் வார்த்தையே புரிந்தது. சிரிக்காதீங்க, உங்களில் பாதிப் பேரும் என் கேஸ்தான்.

வாசல் இருந்தால் சுவர் இருந்திருக்கணும் இல்லையா? இருந்தது. அதில் மிஞ்சிய ஒரு சின்னத் துண்டைப் பார்க்கத்தான் போன ஞாயிற்றுக்கிழமை நானும் ஹாஸ்டல் நண்பன் ஒருத்தனும் பீச் ட்ரெயின் பிடித்து ராயபுரத்தில் இறங்கி, ஓல்ட் ஜெயில் ரோட்டுக்குப் போனோம். பிற்காலத்தில் சுவரின் மேலேயே பூங்கா போட்டதால் அந்த இடத்துக்கு மாடிப் பூங்கா என்று பெயர். மேலே பூங்காவே போடலாம் என்றால் சுவரின் அகலத்தை யோசித்துப் பாருங்கள்.

நண்பன் வேலூர்க்காரன். அகழி, கொத்தளம், கோவில் என்று முழுக் கோட்டையை வீட்டுப் பக்கத்திலேயே வைத்திருப்பவன். சுவரை ஒரு சுற்று பார்த்துவிட்டு, "டேய் மச்சான், இதுக்கா என் ஞாயித்துக்கிழமையை வேஸ்ட் பண்ண?" என்றான். அவனுக்குச் சொல்ல அப்போது என்னிடம் பதில் இல்லை. இந்தக் கட்டுரைதான் பதில்.

1758 டிசம்பரில் பிரெஞ்சுத் தளபதி லாலி மெட்ராஸை முற்றுகையிட்டார். வெள்ளைக்காரர்கள் புனித ஜார்ஜ் கோட்டைக்குள் இருந்தார்கள். தமிழரும் தெலுங்கரும் மற்ற வியாபாரிகளும் வாழ்ந்த 'கறுப்பர் நகரம்' கோட்டைக்கு வெளியே கிடந்தது. அதைப் பிரெஞ்சுப் படை சுலபமாகப் பிடித்துக்கொண்டு, அங்கிருந்து கோட்டையைச் சுட்டது. 1759 பிப்ரவரியில் முற்றுகை முறிந்தது. அடுத்து 1767-ல் மைசூர் குதிரைப்படை நகரத்தின் வெளிப்புற ஊர்களைச் சூறையாடியது. 1769-ல் ஹைதர் அலியே மெட்ராஸ் வாசல் வரை வந்து, கம்பெனியைச் சமாதான ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட வைத்தார்.

இவ்வளவு அடி வாங்கிய பிறகுதான் கறுப்பர் நகரத்தைச் சுற்றி முழுச் சுவர் எழுப்பும் வேலை வேகம் பிடித்தது. கான்ட்ராக்டர் பால் பென்ஃபீல்டு. கிழக்கே கடல், தெற்கே கோட்டை. அதனால் வடக்கிலும் மேற்கிலும் மட்டும் சுவர், சுமார் ஐந்தரை கிலோமீட்டர் நீளம். செலவை ஈடுகட்ட உள்ளே குடியிருந்தவர்கள் மேல் வரி போடப் பார்த்தது கம்பெனி. அப்படி வசூலிக்கச் சட்டப்படி அதிகாரம் உண்டா என்ற சிக்கலில் வரி வசூலாகவே இல்லை. பெயர் மட்டும் வால்டாக்ஸ் ரோடு என்று ஒட்டிக்கொண்டது. கட்டாத வரிக்கு ஒரு ரோடு!

இதில் தமாஷ் என்னவென்றால், அந்தச் சுவரை அப்புறம் எந்தப் படையும் வந்து முற்றுகையிடவில்லை. பத்தொன்பதாம் நூற்றாண்டில் பெரும்பகுதியை இடித்துவிட்டார்கள். 'போர் நடக்காத சுவர், அப்புறம் என்ன பெருமை' என்று நண்பன் கேட்பான். பெருமைக்காக அதைப் பார்க்கச் சொல்லவில்லை. ஒரு நகரம் எவ்வளவு பயந்தது, அந்தப் பயத்தில் யாரை உள்ளே வைத்தது, யாரை வெளியே விட்டது என்பது பெரிய கோட்டையைவிட இந்தச் சின்னத் துண்டில்தான் எனக்குப் பளிச்சென்று தெரிந்தது. எழும்பூரும் புரசைவாக்கமும் 1693-லேயே கம்பெனி கைக்கு வந்த ஊர்கள். ஆனாலும் சுவருக்கு வெளியே. மேற்குச் சுவர் நம்ம பக்கம்தான் பார்த்து நின்றது. அம்பத்தூர், ஆவடி, பூந்தமல்லி எல்லாம் அதன் கணக்கில் எதிரி வரும் வழி!

அந்த வழியில்தான் 1856-ல் ராயபுரத்திலிருந்து தென்னிந்தியாவின் முதல் பயணிகள் ரயில் கிளம்பி, நம்ம ஊர்களைத் தாண்டி வாலாஜா ரோடு வரை போனது. பட்டாளமும் மேற்கே நகர்ந்தது. இரண்டாம் உலகப்போர் காலத்தில் ஆவடி ராணுவத் தளமானது. 1961-ல் கனரக வாகனத் தொழிற்சாலை வந்தது. 1965-ல் விஜயந்தா டாங்கி வெளியே வந்தது. யானைக்கவுனியோடு முடிந்த எல்லை இன்றைக்கு ராஜஸ்தான் பாலைவனத்தில் இருக்கிறது. அதைக் காக்கும் டாங்கி நம்ம ஆவடியில் தயாராகிறது.

நான் வளர்ந்ததே முள்கம்பி வைத்த நீளமான காம்பவுண்டு சுவரைப் பார்த்துத்தான். சின்ன வயசில் அதற்கு அந்தப் பக்கம் இருப்பவர்கள் எல்லாம் பெரிய ஆட்கள் என்று நினைப்பேன். கேட்டட் கம்யூனிட்டி விளம்பரம் பார்க்கும்போது இப்போதும் அந்த நினைப்பு லேசாக எட்டிப் பார்க்கும். பிளேஸ்மென்ட் கிடைத்ததும் நாமும் அப்படி ஒரு சுவருக்குள் வீடு வாங்க ஆசைப்படத்தான் போகிறோம். அது தப்பு என்று சொல்ல எனக்குத் தகுதி இல்லை. வாங்குவதற்கு முன்னால் ஒரு தடவை ஓல்ட் ஜெயில் ரோடு போய்விட்டு வரலாம் என்றுதான் சொல்கிறேன்.

சுவர் இடிந்ததில் எனக்கு வருத்தமே இல்லை. இடிந்ததால்தான் நாம் இருக்கும் சென்னை வளர்ந்தது. ஆனால் மிஞ்சிய துண்டும் போய்விட்டால் யானைக்கவுனி வெறும் பாலத்தின் பெயர், வால்டாக்ஸ் வெறும் பஸ் ஸ்டாப் ஆகிவிடும். அந்தத் துண்டு நிற்க வேண்டுமானால் அது என்னவென்று நாலு பேருக்காவது தெரிந்திருக்கணும்.

ஐ.வி. என்றால் நமக்கு பெங்களூரும் கேரளாவும்தான் ஞாபகம் வருகிறது. சிவில் டிபார்ட்மென்ட் மக்களே, உங்களுக்கு நேரடியாகவே ஒரு கோரிக்கை: செங்கல், சுண்ணாம்புக் காரை, இருநூற்றைம்பது வருஷ வெயில், மழை, கடல் காற்று. இதைவிட நல்ல மினி புராஜெக்ட் எங்கே கிடைக்கும்? அளந்து, வரைந்து, யானைக்கவுனி எங்கே இருந்தது என்று ஒரு மேப் போட்டுக் கொடுங்கள், இதே இதழில் வெளியிடலாம்.

திரும்பும்போது சென்ட்ரலில் ஏறினோம். ட்ரெயின் கிளம்பி இரண்டாவது நிமிஷம் அதே பாலம். "இப்போ நாம சுவருக்கு வெளியே போறோம்" என்றேன். வேலூர்க்காரன் போனிலிருந்து தலையைத் தூக்கி ஜன்னல் வழியே எட்டிப் பார்த்தான். எனக்கு அது போதும்.