ஸ்குரூ டிரைவர் அவனுடையது, பூட்டு யாருடையது?

"வேலை வேலை என்று ஏன் அலைகிறாய், தம்பி? நீயே முதலாளி ஆகிவிடலாமே!"

இந்த உபதேசம் இப்போது திருவண்ணாமலையில் வெகு மலிவு. கல்லூரி மேடையில் கிடைக்கிறது. வேலைவாய்ப்பு முகாமில் கிடைக்கிறது. சுயதொழில் வழிகாட்டிக் கூட்டங்களில் டீ, பிஸ்கட்டோடு சேர்த்துப் பரிமாறப்படுகிறது. கம்ப்யூட்டர் ரிப்பேர் கற்றுக்கொள். தோளில் ஒரு பை, பைக்குள் நாலு ஸ்குரூ டிரைவர், ஓட ஒரு மோட்டார் சைக்கிள். போதும்! எவன் முன்னாலும் கைகட்டி நிற்க வேண்டாம். சம்பளத் தேதியை எண்ணிக்கொண்டு உட்கார வேண்டாம். உனக்கு நீயே எஜமான்!

கேட்க எவ்வளவு தித்திப்பாக இருக்கிறது! ஆனால் மேடையில் நின்று இதைச் சொல்கிறவர்களில் ஒருவராவது ஸ்குரூ டிரைவரை நம்பிக் குடும்பம் நடத்தியவரா? மாதம் பிறந்தால் தவறாமல் சம்பளம் வாங்குகிறவர்கள்தான் சம்பளமில்லாத வாழ்வின் மேன்மையை மற்றவர்களுக்கு எடுத்துச் சொல்கிறார்கள்.

நான் எஸ்.எஸ்.எல்.சி.யோடு படிப்பை நிறுத்தியவன். கம்ப்யூட்டருக்குள் என்ன இருக்கிறது என்று எனக்குப் பாடம் நடத்தத் தெரியாது. அந்தத் தொழிலைக் கேவலப்படுத்தவும் இதை எழுதவில்லை. அது உயர்ந்த தொழில். எப்படித் தெரியும் என்கிறீர்களா? கண்ணால் பார்த்தேன்.

14,000 ரூபாயும் 600 ரூபாயும்

எங்கள் ஆபீஸ் லேப்டாப் ஒரு நாள் காலையில் செத்துப் போயிற்று. கம்பெனியின் அங்கீகாரம் பெற்ற இடத்துக்குக் கொண்டு போனோம். பெயர் வேண்டாம். மூடியைத் திறந்து பார்த்தார்களோ இல்லையோ, சொல்லிவிட்டார்கள்: "மதர் போர்டு போயிடுச்சு. மாத்தணும். 14,000 ரூபாய்." நோட்டீஸ் அடிக்கவே காசு தேடும் இடத்தில் 14,000 ரூபாய்க்கு எங்கே போவது?

செங்கம் சாலைப் பக்கம் ஒரு மாடிப்படிக்கு அடியில் ஒரு தம்பி ரிப்பேர் செய்கிறான். அவனிடம் கொண்டு போனேன். "போர்டு போச்சுன்னாங்களா? இருங்கண்ணா, பார்க்கலாம்" என்றான். மல்ட்டிமீட்டரை வைத்தான். மின்சாரம் நுழையும் பாதையில் எங்கோ ஷார்ட். எங்கே? அந்தப் பலகையில் கடுகு கடுகாக நூற்றுக்கணக்கான சாமான்கள். அவன் செய்ததைக் கேளுங்கள். பலகையின் மேல் ஸ்பிரிட்டைத் தடவினான். கொஞ்சமாக மின்சாரம் விட்டான். மற்ற இடமெல்லாம் ஈரமாக இருக்க, ஒரே ஒரு புள்ளி மட்டும் சட்டென்று உலர்ந்தது. "அங்கதாண்ணா சூடாவுது." ஷார்ட்டான கப்பாசிட்டர் அதுதான். எறும்புத் தலை அளவு. அதை எடுத்துவிட்டு, ஒரு செத்த போர்டிலிருந்து வேறொன்றைப் பிடுங்கி வைத்து ஒட்டினான். லேப்டாப் கண் திறந்தது. கூலி 600 ரூபாய். அதையும் கேட்கக் கூச்சப்பட்டான்.

இந்தக் கலையை எங்கே கற்றான்? 2011ல் தொடங்கிய தமிழ்நாட்டு சர்க்காரின் இலவச லேப்டாப் திட்டத்தில் பிளஸ் டூ படிக்கும்போது அவனுக்கும் ஒன்று கிடைத்தது. அது கெட்டபோது ரிப்பேருக்குக் கொடுக்கப் பணமில்லை, தானே பிரித்தான். கெடுத்தான், மீண்டும் பிரித்தான். பிறகு ஊர் பேர் தெரியாத மெக்கானிக்குகள் வீடியோவில் இலவசமாகச் சொல்லிக் கொடுத்ததைப் பார்த்துப் பார்த்துக் கற்றான். எந்தக் கம்பெனியும் அவனுக்கு ஒரு வரி சொல்லிக் கொடுக்கவில்லை. சொல்லிக் கொடுத்தவர்கள் அவனைப் போன்ற உழைப்பாளிகளே.

இந்தத் துறையில் ஏமாற்றுகிறவர்கள் இல்லையா? இருக்கிறார்கள். நல்ல ராமைக் கழற்றிக்கொண்டு பழசை மாட்டி அனுப்புகிற கில்லாடிகளை எனக்கும் தெரியும். ஆனால் 600 ரூபாய் வேலைக்கு 14,000 ரூபாய் கேட்பதை எந்த வகையில் சேர்ப்பது? அதற்கு ரசீது உண்டு, குளிர்சாதன அறை உண்டு என்பதால் அது வியாபாரம் ஆகிவிடுமா?

படத்தை ஒளித்தவர்கள்

இவ்வளவு திறமையுள்ளவன் ஏன் மாடிப்படிக்கு அடியிலேயே கிடக்கிறான்? அவன் சோம்பேறியா? காலை ஒன்பது மணிக்குத் தொடங்கி இரவு பதினொன்று வரை குனிந்த தலை நிமிராதவன் சோம்பேறியா? இல்லை. அவன் கையைக் கட்டிப் போட்டிருக்கிறார்கள்.

பழைய வால்வு ரேடியோக்கள் பலவற்றில் பெட்டிக்குள்ளேயே சர்க்யூட் படம் ஒட்டியிருக்கும். எந்த ஊர் மெக்கானிக்கும் பார்த்து வேலை செய்யலாம். அது போகட்டும், கம்ப்யூட்டரையே எடுத்துக்கொள்வோம். 1981ல் ஐ.பி.எம். கம்பெனி தன் பெர்சனல் கம்ப்யூட்டரை வெளியிட்டபோது அதன் சர்க்யூட் படங்களையும் உள்ளே இருந்த அடிப்படை நிரலையும் புத்தகமாகவே அச்சிட்டு விற்றது. அமெரிக்க ஏகபோகக் கம்பெனிதான், தர்மத்துக்குச் செய்யவில்லை. ஆனால் அந்தப் படங்கள் வெளியே வந்ததால்தான் உலகமெங்கும் அதே மாதிரி மெஷின்களைப் பூட்டவும் பிரிக்கவும் சரி செய்யவும் தெரிந்த லட்சக்கணக்கான கைகள் உருவாயின. நம் ஊரில் அசெம்பிள் செய்து விற்ற கடைகளெல்லாம் அந்த மரத்தின் கிளைகள்தான்.

இன்று? படம் வர்த்தக ரகசியம்! மெக்கானிக்குகள் தங்களுக்குள் வாட்ஸ்அப்பில் பரிமாறிக்கொண்டால் அதற்குப் பெயர் திருட்டு! பொருளை ஜனங்கள் காசு கொடுத்து வாங்கிவிட்டார்கள். ஆனால் அதன் உட்புறத்தைத் தெரிந்துகொள்வது குற்றமாம்!

படத்தை ஒளித்தது போதாதென்று பூட்டும் போட்டார்கள். முன்பு ராமைக் கழற்றி மாட்டலாம். இப்போது பல மெலிந்த லேப்டாப்புகளில் பலகையோடு சேர்த்து ஒட்டிவிடுகிறார்கள். 2021ல் வந்த ஐபோன் 13ல் திரையை வெளியார் மாற்றினால் முகம் காட்டித் திறக்கும் வசதி நின்று போயிற்று. உலகமெங்கும் கூச்சல் எழுந்த பிறகே அதைத் தளர்த்தினார்கள். வேறு கம்பெனி மையை ஏற்காதபடி பிரிண்டருக்குள் ஏற்பாடு செய்துவிட்டு அதை வாங்குகிறவர்களிடம் சரிவரச் சொல்லவில்லை என்று ஹெச்.பி. கம்பெனிக்கு 2020 டிசம்பரில் இத்தாலி அரசின் கண்காணிப்பு ஆணையம் 1 கோடி யூரோ அபராதம் போட்டது. "இந்த ஸ்டிக்கரைக் கிழித்தால் வாரண்டி கிடையாது" என்று ஒட்டுகிறார்களே, அப்படி மிரட்டுவது சட்டத்துக்குப் புறம்பு என்று அமெரிக்க வர்த்தக ஆணையமே 2018 ஏப்ரலில் ஆறு கம்பெனிகளுக்கு எச்சரிக்கைக் கடிதம் அனுப்பியது. கம்ப்யூட்டரோடு நிற்கும் வியாதியா இது? டிராக்டரை விவசாயியோ உள்ளூர் மெக்கானிக்கோ சரி செய்ய முடியாதபடி செய்ததாக ஜான் டீர் கம்பெனி மீது அதே ஆணையம் 2025 ஜனவரியில் வழக்குத் தொடுத்தது. போளூர், வந்தவாசி விவசாயிகள் இதைக் கவனித்துக்கொள்ள வேண்டும்.

சரி, உதிரி பாகமாவது கிடைக்கிறதா? அசல் பாகத்தைக் கம்பெனி வெளிச்சந்தையில் கொடுப்பதில்லை. தம்பி சென்னைக்கு ஓடி, ரிச்சி தெருவில் நாள் முழுவதும் அலைந்து, அசல் என்று சத்தியம் செய்து விற்கிற பேட்டரியை வாங்கி வருகிறான். மூன்று மாதத்தில் அது வீங்குகிறது. வாடிக்கையாளர் யாரைத் திட்டுவார்? அசலைப் பதுக்கியவனையா? போலியை விற்றவனையா? தம்பியைத்தான்! நஷ்டமும் அவனுக்கே. பாகத்தின் மேல் 18 சதவீத ஜி.எஸ்.டி. வேறு.

ஆரணித் தறி

நம் ஜில்லாக்காரர்களுக்கு இது புதிய கதையல்ல. ஆரணிக்குப் போய்ப் பாருங்கள். தறி நெசவாளியின் வீட்டில் இருக்கிறது. குழி அவனுடையது, கூரை அவனுடையது, மனைவி மக்களின் உழைப்பும் அவனுடையது. ஆனால் பட்டும் ஜரிகையும் யாருடையவை? கூலியை யார் தீர்மானிக்கிறார்? தறியைச் சொந்தமாக வைத்திருப்பதால் அவனை முதலாளி என்று யாராவது அழைத்தால் ஆரணியில் சிரிப்பார்கள்.

கம்ப்யூட்டர் மெக்கானிக்கின் நிலையும் அதுவே. ஸ்குரூ டிரைவர் அவனுடையது. ஹாட் ஏர் மெஷின் அவனுடையது. அதற்கு வாங்கிய கடனும் அவனுடையதே. படம், பாகம், சாப்ட்வேர் சாவி எல்லாம் கம்பெனியுடையவை.

சொந்தக் கடையில் ஓட்ட முடியாமல் போகிறவர்கள் கம்பெனியின் "கால்" எடுக்கப் போகிறார்கள். கம்பெனி ஒரு பெரிய காண்டிராக்டரிடம் விடுகிறது; அவர் இன்னொருவரிடம் விடுகிறார்; அவர் மோட்டார் சைக்கிள் வைத்திருக்கும் பையனிடம் விடுகிறார். வீட்டுக்கு வந்து நிற்பவன் மார்பில் கம்பெனியின் அடையாள அட்டை தொங்குகிறது. கம்பெனியின் சம்பளப் பட்டியலில் அவன் பெயர் கிடையாது. ஒரு காலுக்கு இவ்வளவு என்று கணக்கு. பெட்ரோல் அவன் செலவு. தண்டராம்பட்டு வரை போய், வீடு பூட்டியிருந்தால் அன்றைய பொழுது நஷ்டம். இதற்கும் பெயர் சுதந்திரத் தொழில்!

குழு, வலைத்தளம், அறிக்கை

மத்திய சர்க்கார் தூங்குகிறது என்று சொல்ல முடியாது. அது விழித்துக்கொண்டுதான் படுத்திருக்கிறது. பழுது பார்க்கும் உரிமைக்காக 2022 ஜூலையில் ஒரு குழு போட்டார்கள். அதே ஆண்டு டிசம்பர் 24ந் தேதி ஒரு வலைத்தளம் திறந்தார்கள். மின்னணுச் சாமான்களைச் சரி செய்வது எவ்வளவு சுலபம் என்று மதிப்பெண் போடும் யோசனை பற்றி 2025ல் இன்னொரு குழு அறிக்கை கொடுத்தது. குழு வந்தது, வலைத்தளம் வந்தது, அறிக்கை வந்தது. சட்டம் எங்கே?

சட்டம் போட்டால் பாதுகாப்பு கெடும், தரம் கெடும் என்கின்றன கம்பெனிகள். அமெரிக்காவில் ஓரிகன் மாகாணத்தில் ஆப்பிள் கம்பெனி ஆள் அனுப்பி இதையே வாதாடிப் பார்த்தது. ஆனாலும், மாற்றிய பாகம் வேலை செய்யாதபடி சாப்ட்வேரால் பூட்டுவதைத் தடை செய்யும் சட்டம் 2024ல் அங்கே நிறைவேறியது. ஐரோப்பிய யூனியனும் அதே ஆண்டு பழுது நீக்கும் உரிமைக்கு உத்தரவு பிறப்பித்தது. முதலாளித்துவ நாடுகளிலேயே முடிகிற காரியம் இங்கே ஏன் முடியாது?

இங்கேயும் வழி தெரியாமலில்லை. வெளி மெக்கானிக்குகளுக்கு உதிரி பாகங்களும் தொழில்நுட்ப விவரங்களும் கிடைக்காமல் செய்ததற்காக இந்தியப் போட்டி ஆணையம் 2014 ஆகஸ்டில் 14 கார் கம்பெனிகளுக்குச் சுமார் 2,545 கோடி ரூபாய் அபராதம் விதித்தது. கம்பெனிகள் அப்பீலுக்கு ஓடின என்பது வேறு விஷயம். காருக்குப் பொருந்திய நியாயம் கம்ப்யூட்டருக்குப் பொருந்தாதா?

இன்னொன்று. 2023 செப்டம்பரில் விஸ்வகர்மா திட்டம் என்று ஒன்றைத் தொடங்கினார்கள். கருவி வாங்க 15,000 ரூபாய், 5 சதவீத வட்டியில் கடன். நல்லதுதானே என்று பட்டியலைப் பார்த்தேன். தச்சர், கொல்லர், குயவர், முடி திருத்துபவர், சலவை செய்பவர் என்று 18 தொழில்கள். கம்ப்யூட்டர் மெக்கானிக் இல்லை. அப்பன் பாட்டன் தொழிலுக்குத் திரும்பினால் கருவியும் கடனும். தானாகக் கற்ற புதிய தொழிலில் நின்றால் உபதேசமும் டீயும்!

2025 அக்டோபர் 14ந் தேதியோடு விண்டோஸ் 10க்கு மைக்ரோசாப்ட் வழக்கமான ஆதரவை நிறுத்தியது. அடுத்த விண்டோஸ் 11 பழைய மெஷின்கள் பலவற்றில் ஏறாது. நன்றாக ஓடிக்கொண்டிருந்த கம்ப்யூட்டர்கள் ஒரே நாளில் கிழடாக்கப்பட்டன! அவற்றில் லினக்ஸ் ஏற்றினால் இன்னும் பல ஆண்டுகள் ஓடும். சென்னையிலுள்ள சி-டாக் என்ற மத்திய சர்க்கார் ஸ்தாபனமே பாஸ் லினக்ஸ் என்று ஒன்றைத் தயாரித்திருக்கிறது. கேரளத்தில் சர்க்கார் பள்ளிகள் பல ஆண்டுகளுக்கு முன்பே சுதந்திர மென்பொருளுக்கு மாறின. 2018லிருந்து "லிட்டில் கைட்ஸ்" என்று மாணவர் குழுக்கள் அமைத்துக் கம்ப்யூட்டர் தொழில்நுட்பத்தைப் பழக்குகிறார்கள். நம் மாவட்டத்துப் பள்ளிகளிலும் அலுவலகங்களிலும் கிடக்கும் பழைய மெஷின்களை ஏலத்துக்கு அனுப்புவதற்கு முன், உள்ளூர் மெக்கானிக்குகளை அழைத்து நியாயமான கூலி பேசிச் சரி செய்யச் சொன்னால் என்ன? சர்க்காருக்கு மிச்சம், இவர்களுக்கு வேலை. இதற்கு டெல்லியின் சட்டம்கூட வேண்டியதில்லை.

நம்மவர்களுக்கு ஒரு வார்த்தை

இதையெல்லாம் சொன்னபோது தோழர் ஒருவர் என்னைக் கேட்டார்: "அவன் கடை வைத்திருக்கிறானே, சிறு முதலாளி அல்லவா? அவனை எப்படிச் சங்கத்தில் சேர்ப்பது?"

தோழரே, 2008ல் பார்லிமெண்ட் நிறைவேற்றிய அமைப்புசாராத் தொழிலாளர் சமூகப் பாதுகாப்புச் சட்டமே சுயதொழில் செய்பவனையும் தொழிலாளி என்ற கணக்கில் சேர்த்தது. அதற்குப் பதிலாக 2025 நவம்பர் 21ல் அமலுக்கு வந்த சமூகப் பாதுகாப்புத் தொகுப்பும் அவனை அந்த வகையிலேயே வைத்திருக்கிறது. அந்தத் தொகுப்பின் மீது நமக்கு ஆயிரம் சண்டை உண்டு. ஆனால் டெல்லிக்காரர்களுக்கே தொழிலாளியாகத் தெரிகிறவன் நம் கண்ணுக்கு முதலாளியாகத் தெரிந்தால் கோளாறு எங்கே இருக்கிறது? ஈயப் புகையைச் சுவாசிக்கிறான். உடம்புக்கு வந்தால் அன்றைக்கு அடுப்பு எரியாது. லீவு இல்லை, பி.எப். இல்லை, இ.எஸ்.ஐ. இல்லை. நம் இலக்கணத்தில் எங்கோ இடிக்கிறதே தவிர அவன் வாழ்க்கையில் சந்தேகத்துக்கு இடமே இல்லை.

சென்ற மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை இரவு, கடைகளை அடைத்த பிறகு, பதினோரு மெக்கானிக்குகள் பஸ் நிலையத்துக்கு அருகில் ஒரு டீக்கடையில் உட்கார்ந்து பேசினார்கள். நானும் இருந்தேன். ஒருவருக்கொருவர் கூலியை அடித்து இறக்குவதில்லை. போர்டில் கை வைக்கும் வேலைக்குக் குறைந்தபட்சம் இவ்வளவு என்று ஒரு விலைப் பலகை எல்லாக் கடைகளிலும் தொங்க வேண்டும். ரிச்சி தெருவுக்கு ஆளுக்கு ஒரு நாள் ஓடுவதை விட்டு, எல்லோருக்கும் சேர்த்து ஒருவர் போய் வர வேண்டும். கலெக்டர் ஆபீஸில் மனு கொடுக்க வேண்டும். இவ்வளவுதான் பேச்சு. விலைப் பலகையில் ஒற்றுமை வரவில்லை. இரண்டு பேர் கோபித்துக்கொண்டு எழுந்தும் போனார்கள். ரிச்சி தெரு விஷயம் முடிவாயிற்று. முதல் தடவை போக எங்கள் தம்பியே ஒப்புக்கொண்டான்.

அடுத்த கூட்டம் பௌர்ணமி கழிந்த மறுநாள். பௌர்ணமியன்று வைக்க முடியாது. அன்று இரவு கிரிவலக் கூட்டத்தில் லாட்ஜ்களிலும் ஓட்டல்களிலும் பில் மெஷின்கள் நின்று போகும். பதினோரு பேரும் ஊரெல்லாம் ஓடிக்கொண்டிருப்பார்கள்.