கியூபாவுக்குக் கப்பல் ஓடிய மூணு வருஷம் பொற்காலமா? (நீளமான இழை, பொறுமையா படிங்க)

குடும்ப வாட்ஸ்அப் குரூப்பில் நேற்று ஒரு பழைய போட்டோ வந்தது. 2018, ஹவானா. ரோஸ் கலர் பழைய செவ்ரோலே கார் மேல சாய்ஞ்சுக்கிட்டு என் அத்தை. புடவை, கூலிங் கிளாஸ், கால்ல ஸ்போர்ட்ஸ் ஷூ. கீழே மயாமியில் இருக்கும் அத்தை பையன் எழுதியிருந்தான்: "மூணு வருஷம்தான் க்ரூஸ் ஓடுச்சு. கியூபாவோட பொற்காலம் அதுதான். டிரம்ப் வந்து கெடுத்துட்டாரு. மறுபடி திறந்தா முதல் கப்பல்ல நாமதான்!"

அதுக்கு 23 ஹார்ட்.

அந்த போட்டோ எடுத்த அன்னைக்குக் காலையில அத்தைக்கு அஞ்சு தடவை பேதி. கப்பலில் யாரிடமும் சொல்லவில்லை. அந்த குரூப்பில் இது தெரிஞ்சவங்க மூணே பேர். அத்தையிடம் கேட்டுட்டுத்தான் எழுதறேன். முழுசா படிச்சுட்டு அப்புறம் திட்டுங்க.

முதல்ல தெரியாதவங்களுக்குக் கொஞ்சம் வரலாறு. 2014 டிசம்பர் 17, ஒபாமாவும் ராவுல் காஸ்ட்ரோவும் உறவைச் சீராக்கப் போறதா அறிவிச்சாங்க. 2016 மே 2, சுமார் 700 பயணிகளோட 'அடோனியா' என்ற கப்பல் மயாமியில் இருந்து ஹவானா போய்ச் சேர்ந்தது. ஏறக்குறைய நாற்பது வருஷத்துல அமெரிக்காவில் இருந்து போன முதல் உல்லாசக் கப்பல். அதுக்குச் சுமார் பத்து நாள் முன்னாடி வரைக்கும் கியூபாவில் பிறந்தவங்க அதுல ஏற முடியாத நிலை. அவங்க கடல் வழியா நாட்டுக்குள்ள வரக்கூடாதுன்னு கியூபா சட்டம். மயாமியில் போராட்டம், வழக்கு எல்லாம் நடந்த பிறகுதான் அதைத் தளர்த்தினாங்க.

இன்னொரு வேடிக்கை. அமெரிக்கச் சட்டப்படி கியூபாவுக்குச் சுற்றுலா போறது அப்பவும் தடைதான். அனுமதிச்ச 12 காரணங்களில் ஒண்ணுக்குள்ள அடங்கணும். கப்பல் கம்பெனிகள் பிடிச்சது 'மக்களோடு மக்கள்' என்ற கல்விப் பயணப் பிரிவு. அதாவது என் அத்தை ஊர் சுத்தப் போகலை, கியூபா மக்களைச் சந்திச்சுப் பழகப் போனாங்க. சட்டப்படி!

நல்லாவே பழகினாங்க. அதுதான் பிரச்சினை.

நாலு நாள் கப்பல். அதுல ஹவானாவுக்கு ஒரே ஒரு பகல். முந்தின ராத்திரியே வாந்தி. வயிறு சரியில்லைன்னா உடனே மெடிக்கல் சென்டருக்குச் சொல்லணும்னு கப்பலில் ஏறும்போதே படிவம் கொடுப்பாங்க. சொன்னா என்ன ஆகும்? கேபினுக்குள்ள தனிமை. ஹவானா போச்சு. பையன் அவ்வளவு காசு கட்டியிருக்கான், இதுக்காகவா கடல் கடந்து வந்தோம்னு அத்தை ரெண்டு மாத்திரையைப் போட்டுக்கிட்டு இறங்கிட்டாங்க. சியர்ரா மேஸ்த்ரா முனையத்துக்கு வெளியே வந்தா நேரா சான் பிரான்சிஸ்கோ சதுக்கம். அங்க இருந்து நாலு தெரு. ஒரு வீட்டுச் சாப்பாட்டுக்கடையில் டாய்லெட். வாசலில் குரோஷா பொம்மை விற்ற ஒரு பாட்டி அத்தையோட பொட்டைத் தொட்டுப் பார்த்து கன்னத்தில் முத்தம் கொடுத்தாங்களாம். அத்தை அவங்க கையைப் பிடிச்சுக்கிட்டு கால் மணி நேரம் தமிழில் பேசியிருக்காங்க. அந்தம்மா ஸ்பானிஷில்.

மயாமி திரும்பின மறுநாள் எழுந்து நிக்க முடியலை. அங்க மலப் பரிசோதனையில் வந்தது நோரோவைரஸ்.

இந்த வைரஸைப் பத்தி நாலு வரி. நோய் வர நூறு துகளுக்கும் குறைவா உள்ள போனாலே போதும். நோயாளியின் மலத்தில் இருப்பது கோடிக்கணக்கில். கைப்பிடி, மேஜை, குழாய் மேல நாள்கணக்கில் உயிரோட இருக்கும். கப்பல் வாசலில் நீட்டுறாங்களே ஆல்கஹால் சானிடைசர், அதுக்கு இது சரியா அசையாது, சோப்பும் தண்ணியும்தான் வேணும். பேதி நின்ன பிறகும் ரெண்டு வாரமோ அதுக்கு மேலயோ வெளியேறலாம். நோரோ என்றாலே கப்பல் வியாதின்னு சொல்றது தப்பு. பெரும்பாலான பரவல் தரையில்தான், ஆஸ்டலில், முதியோர் இல்லத்தில், கல்யாணப் பந்தியில். ஆனா ஆஸ்டல் நகர்ந்து போய் இன்னொரு நாட்டு வாசலில் நிக்காது.

அமெரிக்கத் துறைமுகத்துக்கு வரும் கப்பலில் 3 சதவீதம் பேருக்கு வயிற்றுப்போக்கு வந்தா சிடிசி அதைப் பகிரங்கமா வெளியிடும். நல்ல ஏற்பாடு. ஆனா அந்தக் கணக்கில் வருவது மெடிக்கல் சென்டருக்கு வந்தவங்க மட்டும். துறைமுகத்தில் கொடுக்கும் சுகாதார அறிக்கையும் அதே கணக்குதான். என் அத்தை எந்தக் கணக்கிலும் இல்லை. அவங்க மாதிரி அந்தக் கப்பலில் எத்தனை பேர்? உண்மையைச் சொன்னா தண்டனை, மறைச்சா ஹவானா. இப்படி ஒரு விதி வெச்சா எழுபது வயசு ஆளுங்க என்ன பண்ணுவாங்கன்னு கண்டுபிடிக்க எம்.பி.பி.எஸ். வேணாம்.

இப்ப என் பங்கு. அத்தைக்குச் சர்க்கரை, பிபி. மெட்ஃபார்மின், டெல்மிசார்டானோட தண்ணி மாத்திரை சேர்ந்தது. சீட்டு எழுதினது நான். வாந்தி பேதியில் உடம்பில் நீர் வத்தும்போது இந்த மாத்திரைகளை வழக்கம்போல முழுங்கினா சிறுநீரகம் அடி வாங்கும். அத்தை ஒருவேளைகூட விடாம முழுங்கியிருக்காங்க, 'டாக்டர் மருமகன்' எழுதினதாச்சே. கிரியேட்டினின் 0.9ல் இருந்து 3.1. நாலு நாள் ஆஸ்பத்திரி. பழைய வியாதின்னு சொல்லி இன்சூரன்ஸ் கையை விரிச்சுட்டாங்க. அந்த பில்லை இங்க எழுதினா எனக்கே பிபி ஏறும். சிறுநீரகம் மீண்டு வந்தது எங்க குடும்பத்தோட அதிர்ஷ்டம்.

(உங்க வீட்டுல யாராவது இந்த மாத்திரைகள் சாப்பிட்டா, கப்பல் வேணாம், திருப்பதி போனாக்கூட, "வாந்தி பேதி வந்தா எதை நிறுத்தணும், எப்ப திரும்ப ஆரம்பிக்கணும்"னு உங்க டாக்டர்கிட்ட எழுதி வாங்கிக்கங்க. பையில் ஓ.ஆர்.எஸ். பாக்கெட் நாலு.)

போறதுக்கு முன்னாடி அத்தையை உக்கார வெச்சு நான் என்னவெல்லாம் பேசினேன் தெரியுமா? அங்க ஜிகா இருக்கு, கொசுக் களிம்பு தடவுங்க. தண்ணி குடிக்காதீங்க. டைபாய்டு ஊசி, ஹெபடைடிஸ் ஏ ஊசி. கியூபா அத்தைக்கு என்ன நோய் கொடுக்கும்னு ஒரு மணி நேரம் யோசிச்சேன். அத்தை கியூபாவுக்கு என்ன கொடுப்பாங்கன்னு ஒரு நிமிஷம் யோசிக்கலை. ட்ராவல் மெடிசின் என்ற மொத்தப் பாடமும் பெரும்பாலும் இப்படித்தான் இருக்கு. போறவனைக் காப்பாத்து.

தீவுகளுக்கு இதோட விலை நல்லாவே தெரியும். 1918 நவம்பர் 7, நியூஸிலாந்தில் இருந்து 'டலூன்' என்ற கப்பல் சமோவாவின் ஆப்பியா துறைமுகத்துக்கு வந்தது. உள்ள ஃப்ளூ நோயாளிகள். ஆனாலும் இறங்க அனுமதிச்சாங்க. நியூஸிலாந்து ஆட்சியில் இருந்த மேற்கு சமோவாவில் சில வாரங்களில் ஐந்தில் ஒருத்தர் செத்தாங்க. பக்கத்துலயே இருந்த அமெரிக்க சமோவாவில் கவர்னர் கப்பல்களை நிறுத்தி வெச்சார். அங்க அந்தக் காய்ச்சலுக்கு ஒரு சாவு இல்லை. நியூஸிலாந்து மன்னிப்பு கேட்டது 2002ல். நோரோவும் ஃப்ளூவும் ஒண்ணு இல்லை, தெரியும். வாசல் ஒண்ணுதான்.

சரி, பொற்காலம். யாருக்குப் பொன்?

படுக்கை கப்பலில். காலை டிபன், ராத்திரி சாப்பாடு கப்பலில். மது, சூதாட்டம், ஸ்பா, "நினைவுப் புகைப்படம்" எல்லாம் கப்பலில். கரையில் செலவானது என் அத்தை கணக்கில் ஒரு டூர், ஒரு மதியச் சாப்பாடு, கார் சவாரி, அந்தப் பொம்மை. அப்போ கார்னிவல் கம்பெனி பதிவாகியிருந்தது பனாமாவில், ராயல் கரீபியன் லைபீரியாவில், நார்வீஜியன் பெர்முடாவில். அலுவலகம் எல்லாம் மயாமியில். வரி கட்டும் இடத்தில் ஒரு முகவரி, லாபம் எண்ணும் இடத்தில் இன்னொண்ணு.

"ஹவானாவில் அப்போ ஹோட்டல் ரூமே கிடைக்கலை, கப்பல் தானே ஹோட்டலா வந்துச்சு, நல்லதுதானே?"ன்னு போன தடவையே ஒருத்தர் கேட்டார். கேள்வி சரி. ஆனா அந்த ஊரில் 'காசா பர்டிகுலர்'னு சாதாரண வீட்டில் ரூம் வாடகைக்கு விடுவாங்க. ஒரு வெளிநாட்டு ஆள் அங்க நாலு ராத்திரி தங்கினா அந்தக் காசு அந்த வீட்டு அம்மா கையில். ஹோட்டலைக் கூடவே கட்டி இழுத்துட்டு வந்துட்டு, ஊருக்கு உதவினோம்னு சொல்றது எப்படி?

புகை விஷயமும் இருக்கு. 2015ல் இருந்து அமெரிக்கக் கரையோரம் கப்பல் எரிபொருளில் கந்தகம் 0.1 சதவீதம்தான் இருக்கலாம். கியூபா அந்தப் பாதுகாப்பு வளையத்துக்குள்ள இல்லை. அங்க அப்போ உலகப் பொது அளவு, 3.5 சதவீதம். 35 மடங்கு. 2020ல்தான் 0.5 ஆச்சு. மயாமிக்காரன் நுரையீரலுக்கு ஒரு சட்டம், பழைய ஹவானாவில் ஜன்னலைத் திறந்து வெச்சுத் தூங்குற ஆஸ்துமா குழந்தைக்கு வேற சட்டம்.

அந்த ரோஸ் காரை ஓட்டினவர் ஒரு பல் டாக்டர். அத்தை பையன் இதை ஜோக்காச் சொன்னான். எனக்குச் சிரிப்பு வரலை. 2014ல் சம்பளத்தை உயர்த்தின பிறகும் அங்க ஒரு ஸ்பெஷலிஸ்டுக்கு மாசம் 70 டாலர் தாண்டலை. எங்க ஆளுங்க ஒரு மணி நேரக் கார் சவாரிக்குக் கொடுத்தது 40 டாலர். பல்லைப் பிடுங்குவாரா, ஸ்டியரிங் பிடிப்பாரா? 2015ல் தாயிடமிருந்து குழந்தைக்கு எச்.ஐ.வி.யும் சிபிலிஸும் பரவுறதை ஒழிச்ச முதல் நாடுன்னு உலக சுகாதார நிறுவனம் சான்று கொடுத்த நாடு அது. 2014ல் எபோலா நேரத்தில் சியர்ரா லியோனுக்கு 165 பேரை அனுப்பின நாடு. அதோட டாக்டர்கள் டூரிஸ்ட் டாலருக்காகக் கார் ஓட்டுறாங்க. இதுக்குக் கப்பல் மட்டும் காரணம் இல்லை. விமானத்தில் போறவனும்தான் காரணம், அமெரிக்கத் தடையும் காரணம், கியூபா அரசும் காரணம். பிரேசிலுக்கு அனுப்பின டாக்டர்கள் சம்பளத்தில் நாலில் மூணு பங்கை எடுத்துக்கிட்ட அரசு அது. நான் அதுக்குக் கொடி பிடிக்க வரலை.

ஆனா ஒரு நாளை மட்டும் மறக்க முடியாது.

2020 மார்ச். 'ப்ரேமார்' என்ற கப்பல், 682 பயணிகள், பெரும்பாலும் பிரிட்டிஷ்காரங்க. உள்ள அஞ்சு பேருக்கு கோவிட் உறுதி. கொஞ்ச நாள் முன்னாடிதான் 'டைமண்ட் பிரின்சஸ்' கப்பலில் 700க்கும் மேல தொற்று வந்து உலகமே நடுங்கிட்டு இருந்தது. ப்ரேமார் பறக்கவிட்ட கொடி பஹாமாஸ் நாட்டுக் கொடி. சட்டப்படி அது பஹாமாஸ் அதிகாரத்துக்கு உட்பட்ட கப்பல். பஹாமாஸ் உள்ள விடலை. உணவும் மருந்தும் தரலாம், ஆள் இறங்கக் கூடாது. நாள்கணக்கில் கரீபியன் கடலில் சுத்தின கப்பலை மார்ச் 18 அன்னைக்கு மரியேல் துறைமுகத்தில் கட்ட விட்டது கியூபா. பஸ்ஸில் ஏத்தி, விமான நிலையம் கொண்டு போய், பிரிட்டனுக்கு அனுப்பினாங்க. கப்பல் ஊழியர்கள் "ஐ லவ் யூ கியூபா"ன்னு துணியில் எழுதிப் பிடிச்சுக்கிட்டு நின்னாங்க.

பதிவுக் கட்டணத்தை வாங்கின கொடி கதவைச் சாத்துச்சு. திறந்தது அந்த வருஷம் மருந்துக்கே திண்டாடிட்டு இருந்த தீவு. அப்ப எந்தக் கப்பல் கம்பெனியாவது "எங்க பயணிகளுக்கு நோய் வந்தா செலவை நாங்க ஏத்துக்கறோம், துறைமுக ஊரில் ஒரு ஐசோலேஷன் வார்டு கட்டித் தர்றோம்"னு ஒரு தீவோடயும் முன்கூட்டியே ஒப்பந்தம் போட்டு வெச்சிருந்துதா? கியூபா 2010ல் இருந்து வெளிநாட்டுப் பயணி ஒவ்வொருத்தரும் மருத்துவக் காப்பீடு வெச்சிருக்கணும்னு கேக்குது. பயணியோட நோய்க்குக் காப்பீடு இருக்கு. பொம்மை விற்ற பாட்டிக்கு?

2019ல் மூடினதும் நியாயம்னு நான் சொல்லலை. ஜூன் 4 அறிவிப்பு, ஜூன் 5 அமல். கடலில் இருந்த கப்பல்கள் அப்படியே திரும்பின. சுமார் 8 லட்சம் முன்பதிவு பாழ்னு கம்பெனிகள் அழுதுச்சு. பயணிக்குப் பணம் திரும்ப வரும், இல்லைன்னா பஹாமாஸ் பக்கம் வேற கப்பல். கடன் வாங்கி வீட்டுச் சாப்பாட்டுக்கடை போட்டவனுக்கு யார் திருப்பிக் கொடுத்தா? வாஷிங்டனில் ஒருத்தர் கையெழுத்துல திறந்து, இன்னொருத்தர் கையெழுத்துல ஒரே நாளில் மூடுற கதவை நம்பி ஒரு ஊர் பிழைக்கணும்னா, அது பொற்காலமாடா மச்சான்?

மறுபடி திறந்தா போகட்டும். விமானத்தில் போ. ஒரு வீட்டில் பத்து நாள் தங்கு. வயிறு சரியில்லைன்னா ரெண்டு நாள் படுத்துக்கலாம், ஊர் எங்கயும் ஓடிப் போகாது. கப்பல்தான் வேணும்னா, நோயைச் சொன்னவனுக்குக் காசைத் திருப்பித் தர்ற கப்பலாப் பார்த்துப் போ. அப்படி ஒண்ணு இருந்தா எனக்கும் சொல்லு.

இதைப் போடுறதுக்கு முன்னாடி அத்தைக்கு வாசிச்சுக் காட்டினேன். கிரியேட்டினின் பத்தி எழுதினதுக்கு ஒண்ணும் சொல்லலை. புடவை சுங்குடின்னு எழுதியிருக்கலாமேன்னாங்க. அந்த குரோஷா பொம்மை இன்னும் அவங்க சாமி அலமாரியில் இருக்கு, மஞ்சள் கவுன் போட்டது. அதை எடுத்துத் தூசி தட்டிக்கிட்டே கேட்டாங்க: "ஏண்டா, அந்தம்மாவுக்கு அதுக்கப்புறம் ஒண்ணும் ஆகியிருக்காதுல்ல?"