உரிமை போயிற்று, 'முயற்சி' வந்தது!

ஆலைத் தோழர்களே! கழனியில் பாடுபடும் தோழர்களே! அறுப்பு முடிந்து களத்தில் நிற்கும்போது மிராசுதார், "உன் கூலி நெல்லை அளக்க முயலுகிறேன்" என்றால் நாம் சும்மா விடுவோமா? போனஸ் தர "முயற்சிக்கப்படும்" என்று மில் மானேஜர் எழுதிக் கொடுத்தால் அதை ஒப்பந்தம் என்போமா? ஹங்கேரித் தொழிலாளிக்கு இப்படித்தான் எழுதிக் கொடுத்தார்கள். அதுவும் நாட்டின் அரசியல் சட்டத்திலேயே!

1949-ம் வருஷத்து அரசியல் சட்டம் வேலைக்கு உரிமை உண்டு என்றது. ஏட்டில் இருந்ததெல்லாம் வீட்டுக்கு வந்ததா என்று கேட்கலாம். 1956-ல் அந்நாட்டுத் தொழிலாளர்களே தெருவில் இறங்கிக் கேட்டார்கள். ஆனால் 1989-ல் ஆட்சிமுறை மாறி, சட்டத்தை அடியோடு திருத்தியபோதுகூட ஒரு ஷரத்து நின்றது: முதுமை, நோய், விதவை நிலை, தன் குற்றமின்றி வந்த வேலையின்மை ஆகிய காலங்களில் பிழைப்புக்கு வேண்டிய உதவி குடிமக்களின் உரிமை.

அது வெறும் அலங்காரமா? இல்லை. 1995-ல் நிதி மந்திரி போக்ரோஷ் சிக்கனத் திட்டம் என்ற பெயரில் தாய்மார்களின், குழந்தைகளின் உதவித்தொகையில் கை வைத்தார். (சோஷலிஸ்ட் என்று பெயர் சூடிய கட்சி தலைமை வகித்த சர்க்கார் அது! பெயரைப் பார்த்து ஏமாறாதீர்கள்.) அரசியல் சட்டக் கோர்ட்டு அத்திட்டத்தின் பல பகுதிகளைச் செல்லாது என்று தள்ளிற்று. உரிமை என்று எழுதியிருந்ததால் கோர்ட்டுப் படியேற வழி இருந்தது.

அந்த வழியைத்தான் பிறகு அடைத்தார்கள். 2010 தேர்தலில் ஓர்பான் கட்சிக்கு மூன்றில் இரண்டு பங்கு இடம் கிடைத்தது. 2011-ல் புதிய சட்டம். 2012 ஜனவரி 1 முதல் அமல். சமூகப் பாதுகாப்பு அளிக்க ஹங்கேரி "முயலும்" என்கிறது அது. வீட்டு வசதிக்கும் அதே "முயலும்"! ஒவ்வொருவரும் தமக்குத் தாமே பொறுப்பு என்று உபதேசம் வேறு. உதவி பெறுகிறவன் சமூகத்துக்கு எவ்வளவு பயன்படுகிறான் என்று பார்த்து உதவியை அளக்கலாமாம். யார் கையில் மரக்கால்?

வீடற்றோர் கதையைக் கேளுங்கள். தெருவில் வசிப்பதைக் குற்றமாக்கிய சட்டத்தை 2012-ல் கோர்ட்டு ரத்துச் செய்தது. ஆளுவோர் என்ன செய்தார்கள்? 2013-ல் அரசியல் சட்டத்தையே திருத்தி அத்தகைய தடைக்கு இடம் கொடுத்தார்கள். 2018-ல் பொது இடத்தில் வசிப்பதற்குத் தடை என்று அரசியல் சட்டத்திலேயே பொறித்தார்கள். இங்கே "முயலும்" இல்லை, கவனியுங்கள்! அதே ஆண்டு அக்டோபரில் போலீஸ் வேலையைத் தொடங்கிற்று: 90 நாளில் மூன்று எச்சரிக்கை, நான்காம் தடவை சிக்கினால் கட்டாய வேலை அல்லது காவலில் அடைப்பு.