இரவில் அழகாகும் ஆலைகள்

ஜப்பானியரிடம் ‘கோஜோ மோஏ’ என்றொரு சொற்சேர்க்கை உண்டு. ‘கோஜோ’ என்றால் ஆலை. ‘மோஏ’ என்பது சித்திரக்கதை நாயகியர்மீது இளைஞர்கள் கொள்ளும் உருக்கமான பிரியத்துக்கு வழங்கும் சொல். 2007ல் இதே பெயரில் ஒரு புகைப்பட நூல் வெளிவந்ததை ஒட்டி, பெட்ரோ ரசாயன ஆலைகளை இரவில் தேடிச்சென்று படமெடுக்கும் பழக்கம் அங்கே பெரிதும் பரவியது. கவாசாகியில் ஆலைகளின் ஒளியைப் பார்ப்பதற்கென்றே படகுச் சவாரிகள் இருக்கின்றன. 2011ல் முரோரான், கவாசாகி, யொக்காய்ச்சி, கித்தாக்யூஷூ ஆகிய நான்கு நகரங்கள் ஒன்றுகூடி ஆலை இரவுக்காட்சிக்கு மாநாடே நடத்தின.

இந்த ஈர்ப்பை நான் எள்ளி நகையாட மாட்டேன். ஒரு சுத்திகரிப்பு ஆலையில் அழகுக்கென்று வைக்கப்பட்ட விளக்கு ஒன்றுகூட இல்லை. இரவுப் பணியாளர் படியில் இடறாமலிருக்க ஒன்று, அழுத்தமானியைப் படிக்க ஒன்று, விமானம் மோதாமலிருக்க உச்சியில் சிவப்பாக ஒன்று. யாரும் உத்தேசிக்காமல் விளைந்த அழகு அது. முக்காலியில் நிறுத்திய காமிரா அதை மேலும் பெருக்கித் தருகிறது. பத்து, இருபது நொடிகள் ஒளியை உள்ளே விடும்போது நீராவி பஞ்சுப்பொதியாகிறது. வில்லையின் துளையைச் சுருக்கினால் ஒவ்வொரு விளக்கும் நட்சத்திரமாகக் கதிர்விடுகிறது.

ஆனால் அதே இருபது நொடிகளில் படிக்கட்டில் ஏறிச்செல்லும் தொழிலாளி படத்தில் பதிவதேயில்லை. அசைபவன் கரைந்துபோகிறான், அசையாத குழாய்கள் நிலைக்கின்றன. ஆலையின் புகைப்படம் அந்த ஆலையைப் பற்றி அநேகமாக ஒன்றுமே சொல்வதில்லை என்று பிரெக்ட் கருதியதை வால்டர் பெஞ்சமின் 1931ல் எடுத்துக்காட்டினார். இரவுப் படங்களுக்கு அது இன்னும் கூடுதலாகவே பொருந்தும் என்பேன். இருட்டு, எதை ஒளித்துவைக்க வேண்டுமோ அதைத்தான் முதலில் ஒளித்துவைக்கிறது.

யொக்காய்ச்சியையே எடுத்துக்கொள்வோம். துறைமுகக் கட்டடத்தின் பதினான்காம் மாடியிலிருந்து பார்த்தால் ஆலைத்தொகுதி முழுவதும் ஒளிக்கம்பளமாய் விரியும். அதே தொகுதி கக்கிய கந்தக டை ஆக்சைடினால்தான் 1960களில் இசோசு என்ற மீனவக் குடியிருப்பில் மக்கள் மூச்சுக்குத் தவித்தார்கள். ஊர்ப்பெயரே நோய்க்குப் பெயராயிற்று: யொக்காய்ச்சி ஆஸ்துமா. 1967ல் நோயாளிகள் ஒன்பது பேர் ஆறு நிறுவனங்கள்மீது வழக்குத் தொடுத்தார்கள். 1972 ஜூலையில் தீர்ப்பு அவர்கள் பக்கம் வந்தது.

இங்கே என்னை உறுத்துவது புகைபோக்கிகளின் உயரம். இரவுப் படங்களுக்குக் கம்பீரம் தருபவை விண்ணைத் தொடும் இந்தப் புகைபோக்கிகளே. புகார்கள் பெருகியபோது அன்று கையாண்ட வழிகளில் ஒன்று புகைபோக்கியை உயர்த்துவது. அருகிலிருந்தோருக்கு நச்சு குறைந்தது; தொலைவிலிருந்தோருக்கும் அதில் பங்கு கிடைத்தது. கந்தகத்தையே பிரித்தெடுக்கும் தொழில்நுட்பம் பிறகுதான் வந்தது. இதை அறிந்தவர் எடுக்கும் படமும் அறியாதவர் எடுக்கும் படமும் ஒரே கோணத்தில் அமைந்துவிடலாம். எனினும், படத்தின் கீழே எழுதும் இரண்டு வரிகளிலாவது வேறுபாடு தெரியாதா?

அந்த இரண்டு வரிகளைத்தான் நான் கேட்கிறேன். யொக்காய்ச்சியில் மாசின் வரலாற்றைச் சொல்லும் அருங்காட்சியகம் ஒன்று 2015ல் திறக்கப்பட்டது. இரவில் படமெடுக்கப் போகிறவர்களுக்குப் பகல் முழுதும் ஓய்வுதானே.