கடற்கரைப் பஸ்

குமரிமுனைக்கு ஒரு நாட் பிரயாணமாக வருவோர் அனேகமாய் எல்லோரும் ஒரே கிரமத்தில் பொழுதைக் கழிக்கின்றனர். விடியுமுன் வந்து சேர்ந்து சூரியோதயத்தைக் காண்கின்றனர். காலை எட்டு மணிக்குத் தொடங்கும் படகுக்கு வரிசையில் நின்று, விவேகானந்தர் பாறைக்கும், 2000-ஆம் வருஷம் ஜனவரி முதல் தேதி திறக்கப்பெற்ற வள்ளுவர் சிலைக்கும் சென்று மீளுகின்றனர். அதன்பின் அஸ்தமனம் வரையில் அவர்களுக்கு யாதொரு வேலையுமில்லை. உச்சி வெயிலில் சங்குமாலைக் கடைகளின் நிழலை நாடிக் குழந்தைகளுடன் அலையும் குடும்பங்களை நம் மாணாக்கர் பலரும் கண்டிருப்பர். வீணாகும் அந்த ஐந்தாறு மணி நேரத்தைப் பற்றியே இங்குச் சில சொல்லத் துணிகிறேன்.

முனையிலிருந்து மேற்கே குளச்சல் வரையில் கடலோரமாய் ஏறக்குறைய 40 கிலோமீட்டர். பழையாறு கடலொடு கலக்கும் மணக்குடி, காண்டல் மரங்களும் காயலும் சேர்ந்த இடம். 2004 டிசம்பர் 26-ஆந் தேதி ஆழிப்பேரலை அங்கிருந்த பாலத்தைப் பெயர்த்தெறிந்ததை இன்னும் ஊரார் கைநீட்டிக் காட்டிச் சொல்லுவர். அப்பால் சொத்தவிளை, சங்குத்துறை மணற்பரப்புகள். முட்டத்திலோ செம்மண் மேடும் கரும்பாறையும் கலங்கரை விளக்கமும் ஒருங்கே அமைந்துள்ளன. மணவாளக்குறிச்சியில் மோனசைட் கலந்த கருமணல். மண்டைக்காட்டில் பகவதி கோயில். குளச்சலில், 1741-இல் மார்த்தாண்டவர்மர் டச்சுக்காரரை வென்ற கரை. இவற்றுள் ஒன்றையேனும் காணாமல் ஊர் திரும்புகிறவர்களே அதிகம். சென்ற மார்கழியில் என் இல்லத்திற்கு வந்த உறவினர் ஒருவர், முனையிலிருந்து முட்டம் போக வழி கேட்டு, நாகர்கோவில் போய் வண்டி மாற வேண்டுமென்று அறிந்து, "அதற்குள் சூரியன் காத்திருக்குமா?" என்று படகுத் துறையிலேயே உட்கார்ந்துவிட்டார். பெருஞ்சாலை உள்நாட்டின் வழியே செல்லுவதால் நம் பஸ்களும் பெரும்பாலும் அவ்வழியையே பற்றிக்கொண்டன. 1938 பிப்ரவரி 20-ஆந் தேதி, லண்டன் நகரப் போக்குவரத்தில் தேர்ச்சி பெற்ற ஸால்ட்டர் துரையின் மேற்பார்வையில் திருவிதாங்கூர் அரசாங்கம் பஸ் விடத் தொடங்கிற்று. அப்போது இந்நாடு அந்த சமஸ்தானத்தைச் சேர்ந்தது. இவ்வளவு முன்னரே அரசாங்க பஸ்ஸைக் கண்ட நாட்டில், முனைக்கு வருவோர் கடலோரமாகவே குளச்சல் மட்டும் சென்று மீள ஏற்றதொரு வரிசை வண்டி ஏன் இருத்தல் கூடாது?

வருஷமுழுதும் வேண்டுமென்று யான் கேட்கவில்லை. கார்த்திகை முதல் தேதி தொடங்கிப் பொங்கல் விடுமுறை முடியுமட்டும், சபரிமலை யாத்திரிகரும் விடுமுறைப் பிரயாணிகளும் திரளும் அந்த இரண்டு மாதமே போதும். இடையிலுள்ள ஊர்களில் நின்று நின்று செல்லும் வண்டிக்கு ஒரு வழிக்கு இரண்டு மணி நேரம் பிடிக்கும். இருமுனையிலும் அரை மணி ஓய்வு கொடுத்தால், ஒரு வண்டி புறப்பட்ட இடத்தினின்று மறுபடி புறப்பட ஐந்து மணி நேரமாகும். ஆகவே மணிக்கொரு வண்டி வேண்டுமாயின் ஐந்தும், பழுதுக்கு மாற்றாக ஒன்றும், ஆக ஆறு வண்டிகள் தேவை. இரண்டு மணிக்கொருமுறை விடுவதாயின் மூன்றே போதும். வீடுகளின் இடையே நெளிந்து செல்லும் வீதிகளாதலால் சிறு வண்டிகளே உசிதம்.

கால அட்டவணையைக் கடிகாரத்தைப் பார்த்து மாத்திரம் எழுதினால் கெடும். சூரியனையும் பார்த்தே எழுதவேண்டும். கார்த்திகைத் தொடக்கத்தில் இங்கு அஸ்தமனம் மாலை ஆறு மணிக்குச் சற்று முன்னர். பொங்கலின்போது 6 மணி 20 நிமிஷம். முட்டத்தில் கடைசி வண்டியை ஆறு மணிக்கு வைத்தால், காண வந்த காட்சியைக் காணாமலே ஜனங்கள் வண்டியேற நேரிடும். ஏழு மணிக்கு வைத்தால் இரு மாதத்திற்கும் பொருந்தும். கோடையில் சூரியன் வடக்கே ஒதுங்கி மறைவதால் முனையினின்று பார்ப்போர்க்குக் கரையே குறுக்கிடும். முட்டத்தினின்று பார்ப்போர்க்கு அப்போதும் கடலிலேயே மறையும். இதுகொண்டு கோடையிலும் பஸ் வேண்டுமென்பார் உளர். அவர்கட்கு நான் 2024-ஆம் வருஷம் மே 6-ஆந் தேதியை நினைப்பூட்டுவேன். திருச்சியில் மருத்துவம் பயின்ற ஐவர், நம் மாணாக்கரை ஒத்த வயதினர், கணபதிபுரத்து லெமூர் கடற்கரையில் அலையால் இழுக்கப்பட்டு மாண்டனர். எங்கோ தூரக் கடலில் எழுந்த அலை, இங்குக் காற்றுமின்றி மழையுமின்றி இருக்கையில் திடீரெனக் கரையேறுவதைக் 'கள்ளக்கடல்' என்று நம் மீனவர் அழைக்கின்றனர். அவ்வெச்சரிக்கை வந்த நாளில் அத்தகைய கரைகளில் வண்டி நிற்கவே கூடாது. நில்லாமைக்குக் காரணத்தைக் கண்டக்டர் வாய்விட்டுச் சொல்லவும் வேண்டும். இவ்வொழுங்கு நிலைபெறும் வரையில் கோடைப் பஸ் வேண்டாமென்பதே என் துணிபு.

இனி, மிக முக்கியமெனக் கருதுவதைச் சொல்லுகிறேன். இத்தகைய யோசனை எழும்போதெல்லாம், குளிர்சாதன வண்டி, கண்ணாடிக் கூரை, விசேஷக் கட்டணம் என்று பேசுவோர் சிலர் எழுவர். பார்வைக்கு அழகாகத்தான் இருக்கும். ஆனால் அவ்வழியிலுள்ள ஊர்கள் மீன்பிடி ஊர்கள். அங்குள்ள பெண்கள் தலையில் கூடையுடன் சந்தைக்குப் போகிறவர்கள். 2021 டிசம்பரில் குளச்சல் பஸ் நிலையத்தில், மீன் விற்றுத் திரும்பிய மூதாட்டி ஒருவர், நாற்றமடிக்கிறதென்று வண்டியினின்று இறக்கிவிடப்பட்டார். அவர் அங்கேயே நின்று நியாயம் கேட்டதை நாடே கண்டது. முதலமைச்சரும் அதுபற்றி வருந்தி எழுதினார். அதே வருஷம் மே மாதத்தில்தான் சாதாரணக் கட்டண நகரப் பஸ்களில் பெண்கட்குக் கட்டணமில்லாப் பிரயாணம் அளிக்கப்பட்டிருந்தது. நாம் கேட்கும் வண்டி விசேஷ வண்டியானால் அச்சலுகை அதற்குச் செல்லாது. தம் வாசல் வழியே போகும் வண்டியை அவ்வூர்ப் பெண்கள் வேடிக்கை பார்த்து நிற்க நேரிடும். ஆதலின் இது சாதாரணக் கட்டண வண்டியாகவே இருக்கவேண்டும்; பின்புறத்தில் இரண்டு ஆசனங்களை எடுத்துவிட்டுக் கூடை வைக்க இடஞ்செய்ய வேண்டும். மீன் வாசனை பொறாத பிரயாணிக்குக் கடற்கரையில் என்ன வேலை?

மற்றொன்று. பருவகாலத்திற்கென்று புதிய வண்டிகள் ஆகாயத்தினின்று இறங்குவதில்லை. எங்கோ ஓடும் வண்டியைத்தான் இங்கே திருப்ப வேண்டும். முட்டத்தினின்றும் பள்ளத்தினின்றும் காலையில் நம் வகுப்புக்கு வரும் மாணாக்கரின் வண்டியைத் திருப்பிவிட்டு, அயலூரார்க்கு அஸ்தமனம் காட்டுவதை நான் ஒருபோதும் ஒப்பேன். நல்வேளையாக, கூட்டம் மிகும் கிறிஸ்துமஸ், பொங்கல் நாட்களில் கலாசாலைகள் மூடப்பட்டிருக்கும். அந்நாட்களில் மாணாக்கர்க்கென விடப்படும் வண்டிகளைக் கடற்கரைக்குத் திருப்பி மணிக்கொரு வண்டி நடத்தலாம். வகுப்பு நடக்கும் நாட்களிலோ, மாணாக்கர் ஏறி இறங்கிய பின், காலை பத்து மணிக்கு மேல் மூன்று வண்டிகளை மட்டும் விடலாம். மாலையில் மாணாக்கர் வீடு திரும்பும் வேளையில் அம்மூன்றும் வழியிலுள்ள ஊர்களில் அவர்களையும் ஏற்றிச் செல்லட்டும். நான் முதலில் ஆறு வண்டிகளை எக்காலமும் வேண்டுமென்று எண்ணியிருந்தேன். கடலோர மாணாக்கர் இருவரிடம் பேசியபின்னரே என் கணக்கைத் திருத்திக்கொண்டேன்.

பணிமனை அதிகாரிகளிடம் வெறும் விண்ணப்பம் கொண்டு போவதில் பயனில்லை, எண்ணிக்கை கேட்பர். வரும் கிறிஸ்துமஸ் விடுமுறையில் மணக்குடி, சங்குத்துறை, முட்டம், குளச்சல் ஆகிய நான்கு இடங்களிலும் அவ்வவ்வூர் மாணாக்கர் ஒரு வாரம், காலை பத்து மணி முதல் இரவு ஏழு மணி வரை, வெளியூரார் எத்தனை பேர், எதில் வந்தனர், எத்தனை மணிக்குத் திரும்பினர் என்று ஒரு நோட்டுப் புத்தகத்தில் குறித்து வரக்கூடும். கூடையுடன் வண்டிக்குக் காத்திருந்த பெண்களையும் தவறாமல் எண்ணுக.