புயலுக்குக் குறி கேட்பதா?

மேலகரத்தில் பிறந்த திரிகூடராசப்பக் கவிராயர் பாடிய குற்றாலக் குறவஞ்சியில் குறத்தி குறி சொல்லுகிறாள். பாட்டில் குறி இருப்பதில் நமக்கு ஆட்சேபணையில்லை. ஆனால் புயல் வரும்போதும் ஜனங்கள் குறியும் பஞ்சாங்கமுமே பார்த்துக் கொண்டிருந்தால் அதைவிட மடமை வேறு உண்டா?

1964 டிசம்பரில் தனுஷ்கோடியைக் கடல் கொண்டு போயிற்று. 2023 டிசம்பரில் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 செண்டிமீட்டர் மழை கொட்டிற்று. இவ்வளவு மழை என்று வானிலை இலாகாவும் முன்கூட்டிச் சொல்லவில்லை என்பது வாஸ்தவமே. ஆனால் விஞ்ஞானம் தன் தப்பைத் திருத்திக் கொள்ளும். பஞ்சாங்கமோ பழியைத் தலைவிதியின் மேல் போட்டுவிடும்.

“கடல் நமக்குத் தூரமாயிற்றே” என்று மேலகரத்தார் எண்ணலாம். மலையில் பெய்யும் மழை சிற்றாறாய் நம்மிடமே வருகிறது. 2024 மே மாதத்தில் பழைய குற்றாலத்தில் திடீர் வெள்ளம் ஒரு சிறுவனை அடித்துச் சென்றதை மறக்கலாமா?

ஆகவே எச்சரிக்கை கேட்டவுடன் கூரையை வரிந்து கட்டுங்கள். மாட்டை மேட்டுக்கு ஓட்டுங்கள். குடிநீர், மூன்று நாள் அரிசி, விளக்கு சேர்த்து வையுங்கள். பட்டா, ரேஷன் கார்டுகளை நனையாமல் கட்டுங்கள். மாவட்டக் கட்டுப்பாட்டு அறைக்கு 1077 என்பதை வீட்டிலுள்ள பெண்களும் பிள்ளைகளும் அறியட்டும்.

அன்றாடக் கூலிக்காரனுக்கு மூன்று நாள் அரிசி ஏது? வசதியுள்ளவர்கள் வருணனுக்குச் செலவழிக்கும் காசை அவன் பானையில் போடட்டும். வெள்ளம் பாராத ஜாதி, முகாமின் சோற்றுப் பந்தியில் மட்டும் முளைப்பானேன்?