சீட்டு ஒட்டினால் குறை தீருமா?

சென்ற சித்திரை மாதம் கோவையிலிருக்கும் என் மாப்பிள்ளைக்கு, அவர் வைத்திருக்கும் காரின் கம்பெனியிலிருந்து ஒரு கடிதம் வந்தது. கிளட்ச் மிதிக்காமல் தானே கியர் மாறிக்கொள்ளும் ஆட்டோமேட்டிக் வண்டி அது. கியர்பாக்ஸில் ஒரு பாகம் சரியில்லை என்று தெரிய வந்திருக்கிறது, வண்டியைக் கொண்டுவந்தால் காசு வாங்காமல் மாற்றித் தருகிறோம் என்று எழுதியிருந்தார்கள். மாப்பிள்ளை அதைப் படித்துவிட்டு அலமாரியில் வைத்துவிட்டார். இரண்டு மாதம் கழித்து நான் அங்கே போயிருந்தபோது பேச்சுவாக்கில் சொன்னார்.

"வண்டி நல்லாத்தானே ஓடுது மாமா, இதுக்குப் போய் ஒரு நாள் லீவு போடணுமா?" என்றார்.

எனக்கு அது சரியாகப் படவில்லை. பருப்பு மொத்த வியாபாரிக்குக் கார் விஷயத்தில் என்ன வேலை என்று நமது சங்க அன்பர்கள் கேட்கலாம். விற்ற சரக்கைத் திரும்ப வாங்குவது நம் தொழிலிலும் உள்ளதுதான். ஆகவே என் பேரனிடம் சொல்லி இதைப் பற்றிய விவரங்களை எடுத்துத் தரச் சொன்னேன். அவன் கொடுத்ததில் ஒரு விவகாரம் பல நாள் என் மனத்தை அரித்துக்கொண்டிருந்தது. அதைச் சொல்லத்தான் இதை எழுதுகிறேன்.

அமெரிக்காவில் ஃபோர்டு கம்பெனி 1960-களின் பிற்பகுதி முதல் 1980 வரை விற்ற ஆட்டோமேட்டிக் கார்களிலும் சிறு லாரிகளிலும் ஒரு குறை இருப்பதாகப் புகார் எழுந்தது. இவ்வகை வண்டியை நிறுத்தியதும் கியர் லிவரைப் 'பார்க்' என்ற இடத்தில் வைக்க வேண்டும். அப்படி வைத்தால் வண்டி நகராதபடி உள்ளே பூட்டிக்கொள்ளும். அதற்கு அடுத்த இடமே 'ரிவர்ஸ்', அதாவது வண்டி பின்னால் போவதற்கானது. ஓட்டுகிறவர் லிவரைத் தள்ளிவிட்டு, பார்க்கில் விழுந்துவிட்டது என்று நம்பி இறங்கிவிடுவார். ஆனால் அது இரண்டுக்கும் நடுவிலுள்ள மேட்டில் உட்கார்ந்திருக்கும். கதவுத் தாழ்ப்பாள் துளையில் முழுதாக விழாமல் விளிம்பில் நிற்பதைப் பார்த்திருக்கிறோம் அல்லவா, அதைப் போல. இஞ்சின் ஓடிக்கொண்டிருக்கையில் அதன் அதிர்ச்சியாலோ, கதவை ஓங்கிச் சாத்துவதாலோ லிவர் சறுக்கி ரிவர்ஸில் விழும். ஆளில்லாத வண்டி தானே பின்னோக்கிக் கிளம்பிவிடும். வீட்டு வாயில் கதவைச் சாத்தப் போனவரும், வண்டியின் பின்பக்கம் நின்று சாமான் இறக்கியவரும் அதன் வழியில் இருப்பார்கள்.

அந்நாட்டு அரசின் சாலைப் பாதுகாப்புத் துறை விசாரித்து, இது குறைதான் என்று 1980 ஜூனில் முதற்கட்ட முடிவு அறிவித்தது. அதுவரை அத்துறைக்குச் சுமார் 6,000 விபத்துகள் பற்றித் தகவல் வந்திருந்தது. காயம்பட்டவர்கள் 1,710 பேர். இறந்தவர்கள் 98 பேர்.

இனி வண்டிகளைத் திரும்ப அழைத்துக் கியர் அமைப்பைச் சரிசெய்வார்கள் என்றுதான் எவரும் எதிர்பார்ப்பர். நடந்தது வேறு. 1980 டிசம்பர் கடைசியில் அரசும் கம்பெனியும் ஓர் உடன்பாட்டுக்கு வந்தன. அதன்படி சுமார் 2.3 கோடி வண்டிகளின் சொந்தக்காரர்களுக்குத் தபாலில் ஓர் ஒட்டுச் சீட்டு அனுப்புவது என்று தீர்மானமாயிற்று. இறங்குமுன் லிவர் பார்க்கில் சரியாக விழுந்திருக்கிறதா என்று பார்க்கவும், ஹேண்ட் பிரேக்கை முழுதாகப் போடவும், இஞ்சினை நிறுத்தவும் என்பதுதான் அச்சீட்டின் சாரம். வண்டிக்காரர் அதை வாங்கிக் கண்ணில் படும்படி உள்ளே ஒட்டிக்கொள்ள வேண்டும். கியர்பாக்ஸில் ஒரு திருகாணிகூட மாற்றப்படவில்லை.

நானும் வியாபாரி. கம்பெனியின் கணக்கு எனக்குப் புரியாமல் இல்லை. 2.3 கோடி வண்டிகளைக் கழற்றிப் பூட்டுவதென்றால் எவ்வளவு செலவாகும்! அந்த 1980-இல் மட்டும் அக்கம்பெனிக்கு 150 கோடி டாலருக்கு மேல் நஷ்டம். அரசுத் தரப்பிலும் ஒரு நியாயம் இருந்தது. வழக்கென்று போனால் பல ஆண்டு இழுக்கும், அதுவரை ஒன்றும் இல்லாமலிருப்பதற்கு ஒரு சீட்டாவது உடனே போய்ச் சேரட்டும் என்று நினைத்தார்கள். இத்தனையும் ஒப்புக்கொள்கிறேன். ஆனாலும் அந்தச் சீட்டு செய்த வேலையைக் கவனியுங்கள். அது வரும்வரை குறை விற்றவரிடம் இருந்தது. ஒட்டிய மறுகணம் அது வாங்கியவரின் கவனக்குறைவாக மாறிவிட்டது. நாளை வண்டி உருண்டால், "எழுதி ஒட்டியிருக்கிறோமே, படிக்கவில்லையா?" என்று கேட்கலாம். அரையணா காகிதத்தில் பாரம் முழுவதும் கை மாறிவிட்டது. சீட்டு அனுப்பிய பிறகும் அவ்வண்டிகளால் விபத்துகள் நடக்கத்தான் செய்தன. விசாரணையை மறுபடி திறக்கச் சொல்லி நுகர்வோர் அமைப்பினர் போராடியும் பலிக்கவில்லை.

இதைப் படித்தபோது எனக்கு உறுத்தியதற்கு ஒரு காரணம் உண்டு. மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். 1994 ஐப்பசி மழையில் என் கிட்டங்கியில் 60 சிப்பம் துவரம்பருப்பு காற்றுப் படாமல் இருந்து வண்டு விழுந்துவிட்டது. அது தெரியுமுன்பே பாதிக்குமேல் கடைகளுக்குப் போய்விட்டது. கடைக்காரர்கள் ஒவ்வொருவராகக் கேட்கத் தொடங்கினார்கள். திரும்ப எடுத்தால் வண்டிக் கூலி, கழிவு, விலை வித்தியாசம் என்று கணிசமாகக் கையைக் கடிக்கும். "ஒரு நாள் வெயில்ல காயப்போட்டுச் சலிச்சு வித்துக்கிடுங்க, ஒண்ணும் ஆகாது" என்று எல்லோருக்கும் சொல்லி அனுப்பினேன். திருமங்கலம் பக்கத்து மளிகைக்கடைக்காரர் ஒருவர் நேரில் வந்து பாக்கி முழுவதையும் ரொக்கமாக வைத்தார்.

"அண்ணாச்சி, வெயிலு எங்க ஊர்லயும் உங்க ஊர்லயும் ஒண்ணுதான். நீங்களே காயப்போட்டுக் குடுத்திருக்கலாமே" என்றார்.

அதற்குப் பிறகு அவர் என் கடைக்கு வரவில்லை. நான் சொல்லி அனுப்பியதும் ஒரு சீட்டுதானே!

ஃபோர்டு விவகாரம் பழங்கதை என்று தள்ளிவிட முடியாதபடி 2016-இல் இன்னொன்று நடந்தது. ஃபியட் கிரைஸ்லர் கம்பெனியின் ஜீப் கிராண்ட் செரோக்கி முதலான வண்டிகளில் புதுமாதிரி லிவர் வைத்திருந்தார்கள். அதை எந்தப் பக்கம் தள்ளினாலும் கையை எடுத்தவுடன் நடுவுக்கே திரும்பி வந்துவிடும். எந்தக் கியரில் இருக்கிறது என்பதை எரியும் எழுத்தைப் பார்த்துத்தான் தெரிந்துகொள்ள வேண்டும். கை அறியாத ஒன்றைக் கண்ணைக் கொண்டு சரிபார்க்கச் சொன்னால் அவசரத்தில் எத்தனை பேர் பார்ப்பார்கள்? பார்க்கில் இருப்பதாக நினைத்து இறங்கியவர்களின் வண்டிகள் உருண்டன. 41 பேர் காயம்பட்டிருக்கக்கூடும் என்று கம்பெனியே சொல்லி, 2016 ஏப்ரலில் உலகெங்கும் சுமார் 11 லட்சம் வண்டிகளைத் திரும்ப அழைத்தது.

அழைத்தார்களே தவிர, அந்த நேரத்தில் பழுது நீக்கும் வழி தயாராக இல்லை. அதுவரை பார்த்து இறங்குங்கள், ஹேண்ட் பிரேக்கைப் போடுங்கள் என்றுதான் சொல்ல முடிந்தது. ஜூன் 19-ஆம் தேதி, 'ஸ்டார் ட்ரெக்' படங்களில் நடித்த ஆண்டன் யெல்ச்சின் என்ற 27 வயது நடிகர், லாஸ் ஏஞ்சலஸில் தம் வீட்டுச் சரிவுப் பாதையில் உருண்டு வந்த சொந்த ஜீப்புக்கும் வாயில் தூணுக்கும் இடையே நசுங்கி இறந்தார். அவருடைய வண்டி, திரும்ப அழைக்கப்பட்ட வண்டிகளில் ஒன்று. இறங்கினால் வண்டி தானே பார்க்குக்கு மாறும்படி செய்யும் திருத்தம் அந்த மாதத்தில்தான் விற்பனை நிலையங்களுக்கு வந்து சேர்ந்துகொண்டிருந்தது.

சீட்டு ஒட்டுவதைவிட மோசமான வழக்கமும் ஒன்று உண்டு. ஆஸ்திரேலியாவில் ஃபோர்டு கம்பெனி ஃபீஸ்டா, ஃபோகஸ், ஈகோஸ்போர்ட் கார்களில் 'பவர்ஷிஃப்ட்' என்ற கியர்பாக்ஸை வைத்துச் சுமார் 70,000 வண்டிகள் விற்றது. அவற்றில் ஏறத்தாழ பாதி, ஒருமுறையாவது அந்தக் கியர்பாக்ஸ் தொல்லைக்காகப் பட்டறைக்கு வந்தவை. வண்டி உதறுகிறது என்று வந்தவர்களிடம், நீங்கள் ஓட்டும் விதம்தான் காரணம் என்று பலமுறை சொல்லியிருக்கிறார்கள். உதறல் தரக்குறைவின் அடையாளம் என்று தெரிந்திருந்தும் சொன்னார்கள். வேறு வண்டி கேட்டவர்களிடம் பெருந்தொகை மேலே கட்டச் சொன்னார்கள். 2018 ஏப்ரலில் அந்நாட்டுக் கூட்டாட்சி நீதிமன்றம் இது மனச்சாட்சிக்கு ஒவ்வாத நடத்தை என்று அறிவித்து, 1 கோடி ஆஸ்திரேலிய டாலர் அபராதம் விதித்தது. "நீங்க ஈரக்கையோட எடுத்திருப்பீங்க", "டப்பாவைத் திறந்து வச்சிருப்பீங்க" என்று கல்லாவில் உட்கார்ந்தபடி நாம் சொல்வதில்லையா? நமக்கு அபராதம் போட ஆளில்லை, அவ்வளவுதான்.

நம் நாட்டில் 2012 முதல் கார் கம்பெனிகள் தாங்களாக வகுத்துக்கொண்ட முறைப்படி வண்டிகளைத் திரும்ப அழைத்து வந்தன. 2019-இல் மோட்டார் வாகனச் சட்டத்தைத் திருத்தி, 2021 ஏப்ரல் 1 முதல் அரசே கட்டாயப்படுத்தும்படி விதிகள் வந்துவிட்டன. அபராதம் 1 கோடி ரூபாய் வரை போகலாம். நல்லதுதான். ஆனால் ஏழு வருஷத்துக்கு உட்பட்ட வண்டிகளுக்கே இவ்விதி பொருந்துமாம். நம்மில் எத்தனை பேர் ஏழு வருஷத்தில் வண்டியை மாற்றுகிறோம்? செகண்ட் ஹேண்டில் வாங்கிப் பத்து, பன்னிரண்டு வருஷம் ஓட்டுகிற நம் போன்றவர்களுக்கு வேலியே இல்லை. அப்படி வாங்கியவருக்குக் கடிதமும் பழைய முதலாளியின் விலாசத்துக்கே போகும். ஆகவே பழைய வண்டி வாங்குகிற அன்பர்கள், சேஸிஸ் எண்ணைச் சொல்லி, நிலுவையில் ஏதாவது அழைப்பு இருக்கிறதா என்று கம்பெனியில் கேட்டுக்கொள்வது அவசியம்.

நம் சரக்குக்கும் இப்போது இதே நிலைதான். 2006-ஆம் ஆண்டு உணவுப் பாதுகாப்புச் சட்டத்தின் 27-ஆம் பிரிவுப்படி, யாரிடம் வாங்கினோம் என்று காட்ட முடியாத விற்பனையாளர் தாமே பொறுப்பாவார். 2015 ஜூனில் மேகி நூடுல்ஸைத் திரும்ப எடுத்தபோது நம் கடைகளில் எத்தனை குழப்பம்! கார் கம்பெனியிடம் ஒவ்வொரு வண்டிக்கும் ஓர் எண்ணும் வாங்கியவர் பெயரும் இருக்கிறது. நம்மிடம் "போன வாரம் போன பருப்பு" என்பதற்குமேல் விவரம் கிடையாது. சென்ற தை முதல் என் கடைப் பில்லில் லாட் எண்ணையும் எழுதச் சொல்லியிருக்கிறேன். கணக்கப்பிள்ளை முணுமுணுக்கிறார். கடைக்காரர்களும் எதற்கு இந்த வம்பு என்கிறார்கள். கூடுதல் வேலைதான், இல்லையென்று சொல்லவில்லை. நமது சங்கம் இதற்கு ஒரே மாதிரியான பில் புத்தகம் அச்சிட்டுக் கொடுத்தால் சிரமம் குறையும். அடுத்த பொதுக்குழுவில் இதைக் கேட்கப் போகிறேன்.

மாப்பிள்ளை கடைசியில் வண்டியைக் கொண்டுபோனார். காலையில் விட்டு, சாயங்காலம் எடுத்து வந்திருக்கிறார். காசு கேட்கவில்லை. கழற்றிய பழைய பாகத்தைக் காட்டச் சொல்லியும் பார்த்திருக்கிறார். எல்லோரும் வந்து மாற்றிவிட்டார்களா என்று விசாரித்ததற்கு, பாதிப் பேர்கூட வரவில்லை என்றாராம் அங்கிருந்தவர்.

"ஒவ்வொருத்தருக்கா ஃபோன் போடறோம் சார். ஏதோ இன்சூரன்ஸ் விக்கிறவன்னு நெனச்சு வச்சிடறாங்க."